ஸ்கார்ஃப் கட்டினால் மதியத்துக்குள் வழுக்கிப் பிடரிக்கு வந்துவிடுகிறது, என்னதான் வழி?

சுருட்டைமுடி_சுதா எழுதியது:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு அடர்த்தியான சுருட்டை முடி, தோளுக்குக் கொஞ்சம் கீழே வரை. சென்னை ஈரக்காற்றில் காலையில் எவ்வளவு படிய வாரிவிட்டுப் போனாலும் பதினோரு மணிக்குள் பொங்கி நிற்கும். ஸ்கார்ஃப் வைத்து ஏதாவது செய்யலாம் என்று ஆன்லைனில் இரண்டு வாங்கினேன், பட்டு என்று போட்டிருந்தார்கள், வந்தது பாலியஸ்டர் சாட்டின். வீடியோவில் கட்டுகிற பெண்களுக்கெல்லாம் அழகாக நிற்கிறது, எனக்கு மட்டும் நெற்றியில் கட்டினால் பின்னால் வழுக்கிப் போய்ப் பிடரியில் தொங்குகிறது. இறுக்கிக் கட்டினால் தலைவலி. கோளாறு துணியிலா, கட்டும் விதத்திலா? அலுவலகத்துக்குக் கட்டிக்கொண்டு போகிற மாதிரி வேண்டும், கல்யாணத்துக்கு இல்லை. ஸ்கூட்டரில் போகிறேன், ஹெல்மெட் உண்டு, அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

கோவைவாணி:
சாட்டினைத் தூக்கி உள்ளே வையுங்கள். காட்டன் கட்டுங்கள். முடிந்தது.

சுருட்டைமுடி_சுதா:
அவ்வளவுதானா வாணி? :)

மதுரைக்காரி72:
வாணி சொன்னது பாதி. மீதிப் பாதி மடிப்பில் இருக்கிறது. சுதா, நீங்கள் துணியை நீளவாக்கில் பட்டையாக மடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அப்படி மடித்தால் இழை நேராக ஓடும், இழுபடாது, தலையின் வளைவோடு ஒட்டவும் ஒட்டாது. சதுரத்தை மூலைக்கு மூலை முக்கோணமாகப் போட்டு, அந்தக் கூர் முனையிலிருந்து நீளப் பக்கத்தை நோக்கி மடித்துக்கொண்டே வாருங்கள். தையற்காரர்கள் கிராஸ் என்பார்களே, அந்த வாக்கில் துணி வரும். லேசாக இழுபட்டுத் தலையைப் பிடித்துக்கொள்ளும், இறுக்க வேண்டிய தேவையே இருக்காது. ரவிக்கைக் கழுத்துக்குக் கிராஸ் பீஸ் வைத்துத் தைப்பது எதற்காகவோ அதற்காகத்தான் இதுவும்.

அப்புறம் அளவு. பெண்களின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 54 முதல் 57 செ.மீ. கடையில் பந்தனா என்று விற்பது 55 செ.மீ. சதுரம், மூலைக்கு மூலை 78 வரும், முடிச்சுக்கு இரண்டு பக்கமும் பத்து செ.மீ.தான் மிஞ்சும். சின்ன முடிச்சுக்குப் போதும், நுனி தொங்கவிட முடியாது. 70 சதுரம் என்றால் மூலைக்கு மூலை 99. அலுவலகத்துக்கு என்னைக் கேட்டால் அதுதான் சரியான அளவு. 90 என்றால் 127, தலை முழுவதும் மூடிக் கட்டலாம், பின்னலில் சேர்த்துப் பின்னலாம். 45 செ.மீ. கர்சீப்பைத் தலையில் கட்டப் போராடாதீர்கள், அது கொண்டைக்கும் போனி டெயிலுக்கும்தான். விலை உயர்ந்த பட்டு ஸ்கார்ஃப் என்றால் எல்லாரும் சொல்கிற எர்மெஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனி கூட 1937இல் ஆரம்பித்ததிலிருந்து 90க்கு 90தான் அடிப்படை அளவாக வைத்திருக்கிறது, காரணம் இல்லாமல் இல்லை.

கட்டும் இடம்: பட்டையைப் பிடரியில், முடிக்கு அடியில் வைத்து, காதுக்குப் பின்னால் கொண்டுவந்து, உச்சிக்கும் நெற்றிக்கும் நடுவில் முடிச்சு. பிடரியில் எலும்பு கொஞ்சம் புடைத்திருக்கும் பாருங்கள், பட்டை அதற்குக் கீழே உட்கார வேண்டும். மேலே உட்கார்ந்தால் எந்தத் துணியாக இருந்தாலும் வழுக்கும்.

சுருட்டைமுடி_சுதா:
அக்கா, இப்போதுதான் டேப் எடுத்து அளந்தேன். என்னிடம் இருப்பது 50 சதுரம். அதுதான் கதை.

கோவைவாணி:
எங்கள் ஊர் மில்லில் வேலை பார்த்தபோது தலையில் துணி கட்டாமல் மெஷின் பக்கமே விடமாட்டார்கள். சூப்பர்வைசர் வாசலிலேயே நின்று பார்ப்பார். பஞ்சு தலையில் சேரும் என்பது ஒன்று, பின்னல் போய் எதிலாவது மாட்டினால் என்ன ஆகும் என்பது இன்னொன்று. அங்கே ஒருத்தியும் சாட்டின் கட்டியதில்லை, எட்டு மணி நேரமும் துணி அசையாது. ஸ்டைல் எல்லாம் அதற்கு அப்புறம் வந்ததுதான்.

டொராண்டோ_தேவி:
வாணி சொல்வதைக் கேட்டதும் அந்தச் சிவப்புப் புள்ளித்துணிப் பெண் ஞாபகம் வந்தாள், கையை மடக்கிக் காட்டுவாளே, ‘எங்களால் முடியும்’ போஸ்டர். 1943இல் ஹவர்ட் மில்லர் என்ற ஓவியர் அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியின் தொழிற்சாலைகளுக்காக வரைந்தது. அங்கே உள்ளே சில நாள் ஒட்டியிருந்துவிட்டு எடுத்துவிட்டார்கள், வெளியில் யாருக்கும் தெரியாது, 1980களில்தான் உலகப் புகழ். இங்கே ஹாலோவீனுக்கு வருடா வருடம் நாலு பேராவது அந்த வேஷத்தில் வருவார்கள். அந்தக் கட்டும் மெஷின் காலத்துக் கட்டுதான். முக்கோணத்தின் நீளப் பக்கம் பிடரியில், கூர் முனை நெற்றிக்கு மேல் விழ வேண்டும், இரண்டு நுனிகளையும் முன்னால் கொண்டுவந்து கூர் முனைக்கு மேலாக முடிச்சுப் போட்டு, கூர் முனையை மடித்து முடிச்சுக்குள் செருகிவிட வேண்டும். சுருட்டை முடிக்கு இது ரொம்பப் பொருத்தம், முன்னால் நெற்றியில் இரண்டு சுருளை வெளியே இழுத்துவிட்டால் போதும்.

பினாங்கு_பாத்திமா:
சகோதரிகளே, வழுக்குவதைப் பற்றி எங்களிடம் கேட்டிருக்கலாமே :) ஷிஃபான், சாட்டின் எல்லாம் நாங்கள் நாள் முழுக்கக் கட்டுகிறோம், அசையாது. ரகசியம் உள்ளே போடும் தொப்பி, இங்கே அனாக் துடோங் என்பார்கள், டி-ஷர்ட் துணி மாதிரி இழுபடும் காட்டன். அதன் மேல் எதைப் போட்டாலும் நிற்கும். முடி வெளியே தெரிய வேண்டும் என்றால் முழுத் தொப்பி வேண்டாம், அதே துணியில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு பட்டை போதும், அதைப் போட்டுக்கொண்டு மேலே உங்கள் சாட்டினைக் கட்டுங்கள். வாங்கியதை வீணாக்க வேண்டாம். ஊக்கு குத்தினால் மெல்லிய துணியில் ஓட்டை விழும், காந்த பின் வாங்குங்கள், இரண்டு வில்லை, நடுவில் துணி. இங்கே சதுரத் துடோங் (தலையை மூடும் துணி) 45 அங்குலம், அதாவது 114 செ.மீ. கிட்டத்தட்ட. முடிக்கு ஸ்டைல் செய்ய அது பெரிது.

நெய்தல்:
எனக்கு நேர் முடி, இடுப்பு வரை. பின்னலோடு ஸ்கார்ஃப் சேர்த்துப் பின்னுகிறார்களே, அது எப்படி? நான் பின்னினால் பாதியில் துணி தனியாக, முடி தனியாக வந்துவிடுகிறது.

மதுரைக்காரி72:
நெய்தல், ஸ்கூலில் ரிப்பன் வைத்து இரட்டைச் சடை பின்னியிருப்பீர்கள்தானே, சவுரி வைத்துப் பின்னியதையாவது பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான். முதலில் ரப்பர் பேண்டு போட்டுப் போனி டெயில். ஸ்கார்ஃபைக் குறுகலாக மடித்து, அதன் நடுப்பகுதியை ரப்பர் பேண்டுக்குள் நுழைத்து, இரண்டு நுனியும் சமமாகத் தொங்கும்படி விடுங்கள். முடியை மூன்றாகப் பிரித்து, வலது கால் ஒன்றோடு ஒரு நுனி, இடது கால் ஒன்றோடு ஒரு நுனி, நடுக்காலில் வெறும் முடி. துணியையே தனிக் காலாக வைத்தால்தான் நீங்கள் சொல்கிற மாதிரி பிரிந்து வரும். இடுப்பு வரை முடிக்கு 90 சதுரம் பத்தாமல் போகலாம், பின்னும்போது நீளம் குறையும், நீளத் துண்டாக இருந்தால் நல்லது. கடைசியில் குஞ்சலம் கட்டுகிற இடத்தில் இரண்டு நுனியையும் சுற்றி முடிச்சு.

நெய்தல்:
நன்றி அக்கா, ரப்பர் பேண்டுக்குள் நுழைக்கும் விஷயம்தான் எனக்குத் தெரியாமல் இருந்தது.

பாரிஸ்_புதுவை:
நான் இங்கே பெரும்பாலும் வாசிப்பதோடு சரி, இந்த இழைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. காட்டன், காட்டன் என்கிறீர்கள், எந்தக் காட்டன் என்று யாரும் சொல்லவில்லை. என்னோடு வேலை செய்கிற, கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப் தீவுப் பெண்கள் விசேஷ நாட்களில் தலையில் கட்டி வருவது என்ன தெரியுமா? மதராஸ். பெயரே அதுதான். சிவப்பு, மஞ்சள், பச்சைக் கட்டம் போட்ட பருத்தித் துணி. மார்த்தினிக், குவாதலூப், டொமினிகா, செயின்ட் லூசியா எல்லா இடத்திலும் மரபு உடையில் அது உண்டு. அந்தக் காலத்தில் மஞ்சள் பட்டைகள் மேல் இன்னும் பளிச்சென்று தெரிவதற்காகக் கையால் மஞ்சள் சாயம் தீட்டுவார்களாம், அதற்கென்றே பெண்கள் இருந்திருக்கிறார்கள்.

கட்டும்போது முனைகளைக் கூராக மேலே நிறுத்துவார்கள். எத்தனை முனை நிற்கிறது என்பதற்குப் பொருள் உண்டு. ஒரு முனை என்றால் மனசு காலியாக இருக்கிறது, இரண்டு என்றால் ஆள் இருக்கிறான், மூன்று என்றால் கல்யாணம் ஆகிவிட்டது, நான்கு என்றால் யார் வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம்! தீவுக்குத் தீவு இந்தக் கணக்கு மாறும், செயின்ட் லூசியாவில் இரண்டுக்கே கல்யாணம் ஆகிவிடும். அதனால் விளையாட்டாகக் கட்டிக்கொண்டு அங்கே தெருவில் இறங்க வேண்டாம்.

கோவைவாணி:
நான்கு முனை, ஹா ஹா. எங்கள் ஆபீசில் ஒரு அம்மாவுக்குச் சொல்ல வேண்டும்.

காவிரிக்கரையான்:
பெண்கள் இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும், தங்கைக்காக வாசிக்க வந்தேன். பாரிஸ் சகோதரி சொன்ன விஷயத்தில் ஒன்று சேர்க்கலாம். காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் கொண்டுபோகப்பட்ட நம் ஆட்கள்தான் அந்தத் துணியை அங்கே கொண்டுபோனார்கள். தமிழன் போன இடமெல்லாம் தடம்.

பாரிஸ்_புதுவை:
தம்பி, இதைப் பலரும் சொல்வார்கள், தேதி ஒத்துவராது. நம் ஆட்களோடு முதல் கப்பல் மார்த்தினிக் போய்ச் சேர்ந்தது 1853. குவாதலூப்புக்கு 1854 டிசம்பர். அதற்கு ஏறக்குறைய எண்பது வருடம் முன்னாலேயே அகஸ்தினோ புருனியாஸ் என்ற இத்தாலிய ஓவியர் டொமினிகாவில் சந்தைப் பெண்களை வரைந்திருக்கிறார், தலையில் துணிக்கட்டு இல்லாத பெண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். துணி வியாபாரக் கப்பலில் போனது. சென்னையைச் சுற்றியும் பழவேற்காட்டிலும் ஆந்திராவில் சீராலா பக்கமும் நெய்த கட்டம் போட்ட கைக்குட்டைத் துணியை ஐரோப்பியக் கம்பெனிகள் வாங்கி ஆப்பிரிக்காவுக்கும் அங்கிருந்து அடிமைக் கப்பல் போன வழியெல்லாமும் விற்றன. பெருமைப்பட்டுக்கொள்வதற்கு நெசவாளி இருக்கிறார், அதற்குமேல் பெருமைப்பட அந்த வியாபாரத்தில் ஒன்றும் இல்லை.

தலைக்கட்டுக்கே கசப்பான சரித்திரம் உண்டு. 1786இல், இப்போது அமெரிக்காவில் இருக்கும் நியூ ஆர்லியன்ஸ் ஸ்பெயின்காரர்கள் கையில் இருந்தபோது, எஸ்தெபான் மீரோ என்ற கவர்னர் கருப்பினப் பெண்கள் தலைமுடியை அலங்கரிக்கக் கூடாது, துணியால் கட்டித்தான் ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டார். வெள்ளைக்காரப் பெண்களைவிட அழகாகத் தெரிகிறார்கள் என்ற எரிச்சல்தான். அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள், கிடைத்ததிலேயே பளபளப்பான துணியை எடுத்து, உயரமாகக் கட்டி, நகையும் இறகும் செருகிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். அதுவே ஃபேஷன் ஆகிவிட்டது.

காவிரிக்கரையான்:
ஏற்றுக்கொள்கிறேன் அக்கா. தேதி பேசினால் நான் பேச முடியாது.

சுருட்டைமுடி_சுதா:
ஒரு நிமிஷம். சிவப்பு, மஞ்சள், பச்சைக் கட்டம் போட்ட காட்டன் என்றால்... அது அப்பா கட்டுகிற கைலி இல்லையா???

பாரிஸ்_புதுவை:
அதேதான் சுதா :) சொந்தம் ரொம்பக் கிட்டத்துச் சொந்தம்.

மதுரைக்காரி72:
சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், இது உண்மையிலேயே நல்ல யோசனை. கைலி இரண்டு மீட்டர் நீளம். மூட்டுத் தையலைப் பிரித்துவிட்டு நடுவில் வெட்டினால் மீட்டருக்கு மீட்டர் இரண்டு சதுரம் கிடைக்கும். குடியாத்தம், குறிஞ்சிப்பாடிக் கைத்தறிக் கைலி என்றால் இன்னும் விசேஷம், இரண்டு மூன்று சலவைக்குப் பிறகு துணி அப்படியே கைக்கு அடங்கும். ஃபால்ஸ், பீகோ அடிக்கிற கடையில் கொடுத்தால் நான்கு ஓரமும் அடித்துத் தந்துவிடுவார்கள். பழைய சுங்குடிச் சேலையிலும் இதைச் செய்யலாம், முந்தானையை விட்டுவிட்டு உடல் பகுதியில் வெட்டுங்கள், புள்ளி சிறிதாக இருப்பது தலைக்கு எடுப்பாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. புதுத் துணி என்றால் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்தால் தெரிந்துவிடும். நெற்றி வியர்வையும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்தால் சாயம் இறங்கி நெற்றி பச்சையாகிவிடும். 1960களில் அமெரிக்காவில் மதராஸ் சட்டை துவைக்கத் துவைக்கச் சாயம் போவதையே சிறப்பு என்று விளம்பரம் செய்து விற்றார்கள், நமக்கு அந்தச் சாமர்த்தியம் வேண்டாம்.

கண்மணி_ஈரோடு:
இந்த இழையில் கேட்கலாமா தெரியவில்லை. அம்மாவுக்குக் கீமோ ஆரம்பித்திருக்கிறது. முடி கொட்ட ஆரம்பித்துவிட்டது. விக் வேண்டவே வேண்டாம் என்கிறார், சேலைத் தலைப்பைப் போட்டு மூடிக்கொண்டே இருக்கிறார், அது சரிந்து விழும்போதெல்லாம் சங்கடப்படுகிறார். வயது 61. அவருக்கு எந்த மாதிரி கட்டுவது?

பினாங்கு_பாத்திமா:
கண்மணி, கட்டாயம் கேட்கலாம். என் பெரியம்மாவுக்கு நாங்கள் கட்டிவிட்டோம். முடி இல்லாத தலையில் பட்டு, சாட்டின் எதுவும் நிற்காது, பிடிப்பதற்கு ஒன்றும் இல்லையே. நான் முன்னால் சொன்ன உள்தொப்பிதான் முதலில். தலைத்தோல் அந்த நேரத்தில் தொட்டாலே வலிக்கும், அதனால் தையல் வெளிப்பக்கம் வருகிற மாதிரித் திருப்பிப் போட்டுவிடுங்கள். மூங்கில் விஸ்கோஸ் தொப்பி கிடைத்தால் இன்னும் மென்மை. மேலே 90 அல்லது மீட்டர் சதுரம் காட்டன். சின்னதை வாங்கினால் பிடரி திறந்து தெரியும், அவர்களுக்குச் சங்கடம் அங்கேதான். முக்கோணமாக மடித்து நீளப் பக்கத்தை நெற்றியில் வைத்து, நுனிகளைப் பின்னால் கொண்டுபோய் மூன்றாவது முனைக்கு மேல் ஒரு முடிச்சு, மிச்சத்தை முறுக்கித் தலையைச் சுற்றிச் செருகிவிடலாம். முடி இல்லாததால் தலை சின்னதாகத் தெரியும், அதற்கு உள்தொப்பிக்கும் ஸ்கார்ஃபுக்கும் நடுவில் உச்சியில் ஒரு மெல்லிய கைக்குட்டையை மடித்து வையுங்கள், உருண்டை வந்துவிடும். ஊசி, பின் எதுவும் வேண்டாம். ராத்திரி வெறும் தொப்பி போதும், குளிர் தெரியாது.

மதுரைக்காரி72:
நிறமும் யோசியுங்கள் கண்மணி. புருவமும் உதிர்ந்தால் முகம் வெளிறித் தெரியும். வெள்ளை, சந்தனம் வேண்டாம். அரக்கு, மயில் நீலம் மாதிரி வையுங்கள், பொட்டு வைத்துவிடுங்கள். அவருடைய பழைய காட்டன் சேலையிலேயே வெட்டினால் இன்னும் நல்லது, துணி பழகியிருக்கும், அவருக்கும் பிடித்த நிறமாக இருக்கும்.

சுருட்டைமுடி_சுதா:
கண்மணி, சிகிச்சை முடிந்து சில மாதத்தில் முடி வர ஆரம்பிக்கும், சிலருக்கு முதலில் சுருட்டையாக வருமாம். அப்படி வந்தால் அம்மாவை எங்கள் கட்சியில் சேர்த்துவிடுங்கள்.

கண்மணி_ஈரோடு:
அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். சுருட்டை என்றதும் சிரித்தார். சேலை பீரோவைத் திறந்து அவரே எடுத்துக் கொடுத்தார், கத்தரிக்கோலை மட்டும் என்னிடம் தரமாட்டேன் என்கிறார், கோணலாக வெட்டுவேனாம்.

கிண்டி_ரைடர்:
சுதா ஹெல்மெட் கேட்டார், எல்லாரும் மறந்துவிட்டீர்கள். முடிச்சு பிடரியில் இருந்தால் ஹெல்மெட்டின் பின் விளிம்பு அதன் மேல் உட்காரும். உச்சியில் இருந்தால் ஹெல்மெட் இறங்காமல் எழும்பி நிற்கும். ஹெல்மெட் தலையோடு ஒட்டி இருந்தால்தான் அடிபடும்போது காப்பாற்றும், அதனால் முடிச்சோடு ஹெல்மெட் கூடவே கூடாது. வண்டியில் வரும்போது முடிச்சு இல்லாத மெல்லிய காட்டன் தொப்பி, அலுவலகம் போய்க் கண்ணாடி முன்னால் ஸ்கார்ஃப், அதுதான் வழி. ஹெல்மெட்டுக்கும் வியர்வை நாற்றம் வராது. இன்னொன்று, நுனியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள், துப்பட்டாவுக்கும் இதே பேச்சுதான், சக்கரம் இழுத்துவிடும். இசடோரா டங்கன் என்ற நடனக்காரர் 1927இல் பிரான்ஸில் நீஸ் நகரத்தில் அப்படித்தான் இறந்தார், கழுத்து ஸ்கார்ஃப் காரின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது.

நெய்தல்:
தினமும் கட்டினால் முன்முடி ஏறும் என்று என் தோழி பயமுறுத்துகிறாள், உண்மையா?

கோவைவாணி:
இறுக்கி, அதுவும் தினமும் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டினால் உண்மை. இறுக்கிப் பின்னுவதாலும் இழுத்துக் கொண்டை போடுவதாலும் நெற்றி ஓரத்தில் முடி போவது அப்படித்தான். ஸ்கார்ஃபுக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும், முடிச்சு வைக்கும் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். ஈரத் தலையில் கட்டாதீர்கள், நாள் முழுக்கப் புழுங்கி வாடை வரும், பொடுகு இருக்கிறவர்களுக்கு அரிப்பு இன்னும் ஜாஸ்தி ஆகும். பட்டுத்துணி கட்டினால் முடி கொட்டாது, வளரும் என்று விற்கிறவர்கள் சொல்வதை நம்பாதீர்கள், உரசல் குறையும், நுனி உடைவது குறையும், அவ்வளவுதான். அதற்கு ராத்திரி கட்டிப் படுத்தால் போதும். சுதாவின் சாட்டினுக்கு அங்கேதான் வேலை.

சுருட்டைமுடி_சுதா:
கைலி வெட்டியாகிவிட்டது. அப்பாவிடம் கேட்டுத்தான் எடுத்தேன், நீலமும் அரக்கும் கலந்த கட்டம், பீகோ கடைக்காரர் மேலும் கீழும் பார்த்துவிட்டு அடித்துக் கொடுத்தார். கிராஸ் மடிப்பு, பிடரி எலும்புக்குக் கீழே, முன்னால் முடிச்சு. சாயங்காலம் வரை அசையவில்லை. மீட்டர் சதுரம் கொஞ்சம் பருமனாகத்தான் இருக்கிறது, முடிச்சு பெரிசாகிறது. 70க்கு வெட்டிவிடவா, இல்லை அப்படியே வைத்துக்கொள்ளவா?

மதுரைக்காரி72:
இரண்டு சதுரம் இருக்கிறதல்லவா, ஒன்றை 70க்கு வெட்டுங்கள், இன்னொன்றை அப்படியே வையுங்கள். வெட்டி மிஞ்சுகிற பட்டையை எறிய வேண்டாம், கொண்டையைச் சுற்றிக் கட்ட ஆகும்.

பாரிஸ்_புதுவை:
முழுசாக இருப்பதற்குக் கொஞ்சம் கஞ்சி போட்டு மடமடப்பாக்குங்கள், அப்போதுதான் முனை நிற்கும். எத்தனை முனை என்பது உங்கள் இஷ்டம்.